காய விட்ட மூன்று பாத்திகள்

ஓகஸ்ட் 5, செவ்வாய்

சோளகக் காற்று காலையிலேயே தொடங்கிவிட்டது. கண்ணெல்லாம் புழுதி. நெளுக்குளத்திலிருந்து பூவரசங்குளம் போய்ச் சேர்வதற்குள் ஸ்கூட்டியின் நிறமே மாறிவிடுகிறது. என் நிறமும்தான்.

அங்கே ஆறு பாத்தி ஸ்டைலோ. பயறு, உழுந்து இனத்து மாட்டுத்தீன். மூன்றுக்குத் தண்ணீர், மூன்றுக்கு இல்லை. ஒவ்வொன்றிலும் ஒரு செடி கிண்டி, வேரில் முடிச்சு முடிச்சாக இருக்கும் சிறுகணுக்களைக் கீறிப் பார்த்தேன். உள்ளே சிவப்பு என்றால் கணு வேலை செய்கிறது, காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. தண்ணீர்ப் பாத்திகளில் நல்ல சிவப்பு. காய்ந்த பாத்திகளில் இலை இன்னும் பச்சை, கணு மட்டும் வெளிறத் தொடங்கியிருக்கிறது. செடி வாடுவதற்கு முன்பே கணுவில் வேலைநிறுத்தம். இதைத்தான் என் ஆய்வில் நான் காட்ட வேண்டும்.

வாங்க வேண்டியவை: கடதாசிப் பை, தலையிடிக் குளிசை, அம்மாவின் கண் மருந்து.

ஓகஸ்ட் 8, வெள்ளி

காணியும் கிணறும் யோகன் அண்ணையுடையவை. அவருடைய தகப்பன் தீவுப் பக்கத்திலிருந்து குடியேற்றத் திட்டத்துக்கு வந்தவர். நெல்லைத் தவிர வேறு பயிரை மதிக்காத குடும்பம். குளம் வற்றி இந்த முறை சிறுபோக நெல் இல்லை. கிணற்றிலும் அடியில்தான் தண்ணீர். மூன்று பாத்திக்குக் கேட்கவே வெட்கம். கேட்டேன்.

"மற்ற மூண்டுக்கும் வேண்டாமோ தங்கச்சி?"

"வேண்டாம் அண்ணை. அது காயத்தான் வேணும்."

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு "சரி" என்றார்.

மாதிரிக்கு எடுத்தது போக மிச்சச் செடியை அவர் மனைவி மலர் அக்கா தங்கள் செவலைப் பசுவுக்குக் கொண்டுபோனார். அதற்கு விலா எலும்பு தெரிகிறது.

ஓகஸ்ட் 12, செவ்வாய்

காய்ந்த பாத்திகளில் இப்போது இலையும் மஞ்சள். கணுவுக்குள் பழுப்பு. எல்லாம் நினைத்தபடியே. சந்தோஷப்பட வேண்டும். தூக்கம்தான் வருகிறது.

கந்தோரில் தந்த படிப்பு லீவு இந்த மாதத்தோடு சரி. இன்னும் இரண்டு தரம் கிண்டினால் வேலை முடிந்தது. மூன்று வருடம். பட்டம் வருகிறதோ இல்லையோ, ஒரு மாதம் படுத்துக் கிடக்க வேண்டும்.

பின்னேரம் உடம்பு உளைவு.

ஓகஸ்ட் 14, வியாழன்

காய்ச்சல். அம்மா கொத்தமல்லி அவித்துத் தந்தார்.

"இந்த வெயிலுக்கை பூண்டுக்குக் காவல் நிக்கிறதும் ஒரு படிப்போ?"

குடித்துவிட்டுப் போர்த்திக்கொண்டேன்.

ஓகஸ்ட் 17, ஞாயிறு

இன்னும் காய்ச்சல். யோகன் அண்ணை போன் எடுத்தார். "ஒண்டுக்கும் யோசியாதையுங்கோ தங்கச்சி. பாத்தியளை நான் பாக்கிறன்." நல்ல மனிதர். இந்த வருடம் இவ்வளவு நிம்மதியாகப் படுத்ததில்லை.

ஓகஸ்ட் 22, வெள்ளி

போனேன். ஆறு பாத்தியும் பச்சை. வேறு யாருடைய காணிக்கோ வந்துவிட்டேன் என்றுதான் முதலில் நினைத்தேன்.

யோகன் அண்ணைக்கு முகம் கொள்ளாத சிரிப்பு. "மஞ்சளாய்க் கிடந்தது, மனம் கேக்கேல்லை. யூரியா எறிஞ்சு தண்ணியும் இறைச்சனான். நீங்கள் தண்ணி கேக்கக் கூச்சப்பட்டுத்தானே மூண்டை விட்டனீங்கள்? எனக்குத் தெரியாதோ?"

"ஆறுக்குமோ யூரியா போட்டனீங்கள்?"

"ஒண்டுக்குப் போட்டு ஒண்டை விடலாமோ?"

காலபோக நெல்லுக்கு வைத்திருந்த யூரியா. கிணற்றின் கடைசித் தண்ணீர்.

கிண்டிப் பார்த்தேன். ஒரு கணுவிலும் சிவப்பு இல்லை, தண்ணீர்ப் பாத்தியிலும் இல்லை. யூரியா கிடைத்தால் செடிக்குக் கணு எதற்கு? சமைத்த சோறு வாசலுக்கு வந்தால் யார் அடுப்பு மூட்டுவார்கள்? வறட்சியும் போச்சு, நைதரசனும் போச்சு.

"நல்லாய் வந்திருக்கு அண்ணை" என்றேன். அதோடு போயிருப்பேன். மலர் அக்கா அரிவாளோடு வந்தார், செவலைக்கு வெட்ட.

"அக்கா, இப்ப வெட்டாதையுங்கோ. யூரியா போட்ட உடன வெட்டிக் குடுத்தா மாட்டுக்கு நஞ்சாய்ப் போகும். ரெண்டு மூண்டு கிழமை போகட்டும்."

யோகன் அண்ணையின் சிரிப்பு நின்றது. பாத்திகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"அப்ப உங்கட படிப்புக்கும் பிழைச்சுப்போச்சோ?"

பொய் சொல்லியிருக்கலாம். "ஓம் அண்ணை" என்றேன். அவர் கிணற்றுக் கட்டில் போய் இருந்தார். கோபப்பட ஒரு ஆள் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வரும் வழியில் ஸ்கூட்டியை நிறுத்திவிட்டு அழுதேன். பஸ்ஸில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஓகஸ்ட் 25, திங்கள்

ஆய்வை மேற்பார்க்கும் சேரிடம் போனில் எல்லாம் சொன்னேன். இருக்கிறதை வைத்து எழுத ஏலாதாம், இன்னொரு வறட்சிக்குத் திரும்பச் செய்ய வேண்டுமாம். கந்தோரில் கேட்டேன். லீவு இரண்டு தரம் நீட்டியாயிற்று, இனி இல்லை. அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரட்டாம்.

அப்படியென்றால் பட்டம் இல்லை. அறைக்குள் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். சுவர் ஒன்றும் இடிந்து விழவில்லை. அம்மா மட்டும் "என்ன பிள்ளை?" என்று கேட்டார்.

ஓகஸ்ட் 29, வெள்ளி

அதே வெயில். சாமான் எடுத்துவரப் போனேன். மண்வெட்டி, தராசு, பாத்திகளில் நட்ட பெயர்த் தடிகள்.

மலர் அக்கா தேத்தண்ணி தந்தார். "இவர் ஒரு கிழமையாய் ஒழுங்காய்ச் சாப்பிடேல்லை" என்று மெதுவாகச் சொன்னார்.

யோகன் அண்ணை தடிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கித் துடைத்துத் தந்தார். ஸ்கூட்டி வரைக்கும் கூட வந்தார்.

"வாற வருசமும் இந்தக் காணியிலேயே போடுங்கோ தங்கச்சி. எந்த மூண்டு காயவேணும் எண்டதை மட்டும் இப்பவே சொல்லிப்போட்டுப் போங்கோ. ஒரு சொட்டுத் தண்ணி படாமல் நானே நிண்டு காய விடுறன்."

கிழக்குப் பக்கத்து மூன்றையும் காட்டிவிட்டு வந்தேன்.