கண் சரியாகிவிட்டது

14-12-1957, சனி

ஆசிரமத்துப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் மெக்சிகோ குத்துச்சண்டைக்காரர் இன்று காலை எங்கள் தந்தி ஆபீசுக்கு வந்தார். மெக்சிகோவில் இருக்கும் தன் மானேஜருக்கு ஒரு தந்தி எழுதிக் கொடுத்தார். "கண் சரியாகிவிட்டது. சண்டைக்கு நாள் குறிக்கவும்."

பொய். போன வாரம் தீபத்தன்று என் பக்கத்தில்தான் நின்றார். வலது கண்ணைப் பொத்திக்கொண்டு இடது கண்ணால் மலையுச்சியைப் பார்த்தார். ஊரே அரோகரா போடுகிறது, இவர் தீபம் ஏற்றியாச்சா என்று என்னைக் கேட்கிறார். பதினாறு வயதில் அமெச்சூர் மெடல் வாங்கியதையும், பிறகு தொழில்முறைச் சண்டையில் நாலு வருஷம் சாம்பியனாக இருந்ததையும் அன்றுதான் சொன்னார். இனி மேடை ஏறினால் உயிரோடு இறங்க மாட்டாய் என்று டாக்டர் சொன்னதையும் சேர்த்துத்தான் சொன்னார்.

"வேணாங்க" என்றேன். தமிழிலேயே வந்துவிட்டது. அவருக்குப் புரிந்தது. வேறு எந்த வேலையும் தனக்குத் தெரியாது என்றார்.

தந்தியை நிறுத்தி வைக்க எனக்கு அதிகாரமில்லை. அதிலிருப்பதை யாரிடமும் சொல்லவும் கூடாது. நானே அடித்தேன். ஒரு எழுத்துகூடத் தப்பவில்லை. பாவி நான்.

"இன்னா சார், கெட்ட சேதியா? மூஞ்சி இப்டி ஆயிடுச்சி?" என்றார் தபால்காரர் முனுசாமி.

"இல்ல முனுசாமி, நல்ல சேதிதான்."

மெக்சிகோக்காரர் ரசீதை வாங்கிக்கொண்டு கிளம்பினார். வாசல்வரை போய், அவருக்கு இடது பக்கம் நின்று கும்பிட்டேன்.

அவர் நேரே பார்த்தபடி என்னைத் தாண்டிப் போய்விட்டார்.