ஐந்துக்குக் கீழே நான்கு

ஜூன் 3, 2024

ஜப்பானிய வகுப்பில் இன்று மானம் போனது. போன வாரம் நானேதான் N4 வகுப்பில் உட்கார வேண்டும் என்று ஹெர்பர்ட் சாரிடம் அடம்பிடித்தேன். போனில் ரொம்ப நாளாகப் படிக்கிறேன், எழுத்தெல்லாம் அத்துப்படி என்று அளந்தேன். இன்று அவர் சாதாரணமாக ஏதோ கேட்டார். வகுப்பே சிரித்துக்கொண்டு பதில் சொன்னது. எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடவில்லை. பெஞ்சைத் தூக்கி ஜன்னல் வழியாகக் குன்னூர் பெட்ஃபோர்டு ரோட்டில் வீசலாமா என்று வந்தது.

முடிந்ததும் தனியாகக் கூப்பிட்டார்.

"N5-ல இருந்து வாங்கம்மா. அதுதான் அடிப்படி. அப்புறம் நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணுன்னு ஏறலாம்."

"எனக்கு ஆறு மாசம் வீணாப் போகுமே சார்."

"நாலுல உக்காந்தா ரெண்டே மாசத்துல வகுப்பையே விட்டுட்டுப் போயிருவீங்க. ஜப்பான்ல முதியோர் இல்லத்துல வேலை பாத்தவன் சொல்றேன். எங்க வலிக்குதுன்னு பெரியவங்க சொல்றது நர்சுக்குப் புரியலைன்னா என்னாகும்?"

அவருக்கு ஆறு மாதம் என்பது ஒரு புத்தகம். எனக்கு இந்த வீட்டில் இன்னும் ஆறு மாதம். N4 தேறினால்தான் என்னைப் போன்ற நர்ஸ்களை ஜப்பானில் முதியோரைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்குக் கூப்பிடுவார்கள். அங்கே போனால்தான் என் புருஷன் கீர்த்திவாசனின் கை என் மேல் எட்டாது.

ஜூன் 4

N5-க்கு இறங்கிவிட்டேன். பல்லைக் கடித்துக்கொண்டு.

ஜூன் 9, ஞாயிறு

கீர்த்திவாசன் வெலிங்டனில் ராணுவ அலுவலகத்தில் கிளார்க். இந்த நோட்டில் அவனை 'அவர்' என்று எழுதப் போவதில்லை. வாயால் 'ஏனுங்க' போடுவதே போதும். சம்பள லெவல் இரண்டில் சேர்ந்து, வருடக்கணக்காகத் தவம் கிடந்து, லெவல் நான்குக்கு வந்தவன். அவனுக்கு மனிதர்கள் எல்லாரும் லெவல்தான். லெவல் ஆறு எதிரே வந்தால் ரோட்டை விட்டே இறங்கி நிற்பான். லெவல் இரண்டு வணக்கம் சொன்னால் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டான்.

மத்தியானம் என் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான்.

"எந்த லெவல்ல போட்டிருக்கறாங்க?"

"அஞ்சுங்க."

"எனக்கு மேலயா நீயி?"

கேட்டுக்கொண்டே அறைந்தான். இடது காதில். கீழே விழுந்தேன். முடியைப் பிடித்துத் தூக்கிப் பீரோவில் மோதினான். மறுபடியும் மோதினான். அப்புறம் குக்கர் மூடி, அப்புறம் பெல்ட். வாயெல்லாம் ரத்தம். அவன் கையைக் கடித்தேன். விடவே இல்லை. அதற்கும் சேர்த்து விலாவில் உதை.

ஒரே வார்த்தையில் நிறுத்தியிருக்கலாம். அஞ்சுதான் கடைசிங்க, நான் உங்களுக்குக் கீழதான் என்று. ஏன் சொல்லவில்லை? சொல்ல மாட்டேன். செத்தாலும் சொல்ல மாட்டேன். ஒரு நாளாச்சும் எனக்குக் கீழ இருந்து பாருடா.

ஜூன் 10

ஆஸ்பத்திரி டூட்டிக்குப் போனேன். காதில் சவ்வு கிழிந்திருக்கிறது என்று டாக்டர் சொன்னார். பாத்ரூமில் விழுந்தேன் என்றேன். கூட வேலை பார்க்கும் கலைமதி பஞ்சை வைத்துக்கொண்டே கேட்டாள்: "உங்க ஊட்டு பாத்ரூமுக்குக் கை மொளச்சிருக்குதாக்கா?"

ஜூலை 21

புத்தகத்தைக் கிழித்து வெந்நீர் அடுப்பில் போட்டான். என் கையைப் பிடித்து நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துக்கொண்டு பேசினான். "வாத்தியார்ட்டச் சொல்லிக் கீழ எறங்கு. நாலுக்கு வா, மூணுக்கு வா. அதுவரைக்கும் இப்படித்தான்."

"பாக்கறனுங்க" என்றேன். அந்த வலியிலும் சிரிப்பு வந்தது. இனிமேல் கலைமதி வீட்டில் வைத்துத்தான் படிப்பு.

செப்டம்பர் 16

ஹெர்பர்ட் சார் இன்று வகுப்பு முழுக்க ஜப்பானிய மொழியிலேயே பேசினார். எல்லாம் புரிந்தது. அவர் சொன்னதுதான் சரி. அவரிடம் சொல்லவில்லை.

டிசம்பர் 1

பரீட்சை எழுதிவிட்டேன்.

ஜனவரி 24, 2025

N5 தேறினேன். வீட்டில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "நாலுக்கு மாத்திட்டாங்க" என்றேன். அவன் குன்னூர் போய் பிரியாணி வாங்கி வந்தான். பக்கத்து வீட்டாரிடம் வேலியோரம் நின்று சொன்னான்: "நம்மூட்டம்மாவ ஒரு படி எறக்கிட்டாங்கோ. எனக்கு அப்பவே தெரியுமுங்க." வயிறு முட்டச் சாப்பிட்டேன்.

ஜனவரி 30

ரசத்தில் உப்பு இல்லையாம். கழுத்தை நெரித்தான்.

லெவல்தான் காரணம் என்று நான் எப்படி நம்பினேன்? மேலே இருந்தாலும் அடி, கீழே இருந்தாலும் அடி. கண் இருட்டிக்கொண்டு வந்தபோது கையில் தோசைக்கல் அகப்பட்டது. அவன் வலது மணிக்கட்டில் போட்டேன். எலும்பு முறிகிற சத்தம் எனக்குத் தெரியும். அவன் சுருண்டு விழுந்தான். மறுபடி ஓங்கினேன். மண்டைக்கு. இறக்கியிருந்தால் போயிருப்பான். எனக்கு ஆசையாகத்தான் இருந்தது. கல்லைப் போட்டுவிட்டு, கதவைத் திறந்துகொண்டு ஓடிவந்தேன். கலைமதி வீட்டில் இருக்கிறேன்.

பிப்ரவரி 12

அவன் என் மேல் புகார் கொடுத்துவிட்டான். மகளிர் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். அவன் கையில் மாவுக்கட்டு. என் கழுத்தில் இருந்த தடம் எல்லாம் மறைந்துவிட்டது. என் மேல் வழக்கு என்று ஆனால் ஜப்பானை மறந்துவிட வேண்டியதுதான்.

அவன் ஏட்டம்மா காளியம்மாளிடம் அடக்கமாகப் பேசினான். "நான் இவ மேல கை வெச்சதே இல்லீங்க மேடம். படிப்பு ஏறலை. அஞ்சுல இருந்து நாலுக்கு எறக்கிட்டாங்க. அந்த ஆத்தரத்தை எம்மேல காட்டறா."

ஏட்டம்மா மாவுக்கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவன் பக்கம் திரும்பினேன். "ஏனுங்க, அஞ்சுதான் அடி. ஒண்ணுதான் உச்சி. நான் எறங்கலீங்க, ஏறியிருக்கறன். அதுக்குத்தான் நீங்க பிரியாணி வாங்கிக் குடுத்தீங்க."

தெரிந்தேதான் சொன்னேன். இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அவன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்.

கட்டுப் போடாத கையால் அறைந்தான். இந்த முறை வலது காது. நாற்காலியோடு விழுந்தேன். விழுந்த பிறகும் காலால் மிதித்தான். இரண்டு பேர் சேர்ந்துதான் அவனை இழுக்க முடிந்தது. காளியம்மாள் அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரில் சாய்த்தார்.

"கை வெச்சதே இல்லைன்னு சொன்னீங்க?" என்றார்.

பிப்ரவரி 24

அவன் இன்னும் உள்ளே இருக்கிறான். என் மேல் வழக்குப் போடவில்லை. நான் வகுப்புக்குப் போனேன். இரண்டு காதிலும் இரைச்சல்.

ஒரு மாதமாக வராதவளை எங்கே உட்கார வைப்பது என்று ஹெர்பர்ட் சார் யோசித்தார். "நாலுலயே உக்காந்துக்கறீங்களா? இல்ல அஞ்சைக் கொஞ்சம் திருப்பிப் பாத்துக்கறீங்களா?"

"கேள்வி கேளுங்க சார். எங்க தடுமாறறனோ அங்கிருந்தே ஆரம்பிச்சுக்கலாம்."

காதுக்குப் பக்கத்தில் வந்து நின்று, நிதானமாகக் கேட்டார். மூன்றாவது கேள்வியில் தடுமாறினேன். அங்கிருந்து ஆரம்பித்தோம்.