மடிக்கக் கூடாத கடற்பாசி

என் செல்லம் போரமுக்கு உன் சித்தி எழுதுவது. நானும் உன் சித்தப்பாவும் வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே நார்வேயில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுப் பிள்ளையும் அப்படியே இருக்க வேண்டும் என்று புத்தரையும் பிள்ளைகளைக் காக்கும் சம்சின் அம்மாவையும் தினமும் விடியலில் கிண்ணத்தில் தண்ணீர் வைத்துக் கும்பிடுகிறேன். கால் வீக்கம் வடிந்ததா? கையை உயரத் தூக்கித் துணி காயப்போடாதே, வாத்துக்கறி பக்கமே போகாதே. போனில் சொன்னால் பாதியிலேயே வேண்டாம் சித்தி என்று வைத்துவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

பிள்ளை பெற்றதும் நீ குடிக்க வேண்டிய சூப்புக்குக் கடற்பாசி வாங்கிவிட்டேன். பக்கத்து வீட்டுக் கும்சுன் அக்கா எதிர்த்தீவுப் பாறையில் அறுத்துக் காயவைத்தது, என் தோள் உயரத்துக்கு நீளம், ஓர் இலைகூட ஒடியவில்லை. அவள் சொன்ன விலையை மறுபேச்சில்லாமல் கொடுத்தேன், பிள்ளைத்தாய்ச்சிக்கு வாங்குவதில் பேரம் பேசக் கூடாது பார். வைக்கோல் கயிறு கட்டிக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு தபால் ஆபீசுக்குப் போனால், அங்கே இருக்கிற பெண் டேப்பை வைத்து அளந்துவிட்டு, "இம்புட்டு நீளம் வெளிநாட்டுக்குப் போகாதும்மா, ரெண்டா மடிச்சுக் குடுங்க" என்கிறாள். உன் சித்தப்பா உடனே முட்டியை வைத்து மடிக்கக் குனிந்துவிட்டார். "பிள்ளைத்தாச்சிக்குப் போற பாசிய மடிக்கிறீங்களே, புத்தி இருக்கா, பிரசவம் இழுத்துக்கிட்டுப் போகாதா" என்று நான் போட்ட சத்தத்தில் ஆபீசே திரும்பிப் பார்த்தது. அவர் சும்மா இருக்கக் கூடாதா, "மடிச்ச பாசிக்குப் பொறந்தவதானே போரம், அவளுக்கு என்ன கொறஞ்சு போச்சு? வாய் உன்ன மாதிரியே நல்லாத்தான் வளந்திருக்கு" என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார்.

இனி மறைத்து என்ன. நீ பிறந்தபோது உன் அம்மாவுக்குப் பாசி வாங்கி வந்தது நான்தான். எனக்கு இருபத்தைந்து வயது, அத்தனை நீளத்தைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸில் ஏற வெட்கம், நாலாக மடித்துப் பைக்குள் திணித்துவிட்டேன். அக்கா இரண்டு நாள் வலியில் கிடந்தாள். உள்ளே போகத் தைரியமில்லாமல் நான் வாசலில் காதைப் பொத்திக்கொண்டு நின்றேன். நீ பிறந்த பிறகு முதல் கிண்ணத்தைக் குடித்துவிட்டு, "நல்ல பாசிடி, எங்க வாங்குன" என்று கேட்டாள். நான் இரண்டாவது கிண்ணம் ஊற்றினேன். ஆறு வயதில் உன்னை என் கையில் கொடுத்துவிட்டு அவள் போய்ச் சேர்கிற வரைக்கும் மடித்ததைச் சொல்லவே இல்லை. கோவில் பிக்குணியிடம் சொன்னேன், "பாசிக்கு என்னம்மா தெரியும், மொதப் பிள்ள மெதுவாத்தான் வரும்" என்று சிரித்தார். சிரிக்கட்டும், என் மனசு ஆறவில்லையே. நீ பயப்படாதே, உன் பாசி முழுசாக இருக்கிறது.

சித்தப்பாவோடு மூன்று நாள் பேச்சில்லை. நாலாம் நாள் கொட்டகையில் பலகை அறுக்கும் சத்தம், போய்ப் பார்த்தால் பாசி கால் நீட்டிப் படுக்கிற அளவுக்கு ஒரு பெட்டி. "தபால்ல போகாதுன்னா ஆளோட போகட்டும், போய்ட்டு வா" என்றார். தீவுக்குப் போகிற படகிலேயே வாந்தி எடுக்கிறவள் நான், ஆனாலும் டிக்கெட் எடுத்தாயிற்று, அடுத்த மாதம் எட்டாம் தேதி வந்து இறங்குகிறேன். மாப்பிள்ளையிடம் தட்டை மீன் இரண்டு வாங்கி வைக்கச் சொல், மாட்டுக்கறி போடுவது சியோல்காரர்கள் பழக்கம், நமக்கு வேண்டாம். பாசியை ஊறவைத்து நுரை போகப் பிசைந்து அலசி, நல்லெண்ணெயில் வதக்கி, நம் வீட்டு ஜாடியிலிருந்து கொண்டு வருகிற சோயா சாற்றை விட்டு, தண்ணீர் பால் மாதிரி வெளுக்கிற வரை கொதிக்க விடுவேன், பூண்டு கிடையாது. முதல் கிண்ணம் சம்சின் அம்மாவுக்கு, அடுத்தது உனக்கு, சிரிக்காதே.

தாயும் பிள்ளையும் சுகமாகப் பிரிந்து, நீ எழுந்து நடமாடி, நூறு வயது இருக்க வேண்டும் என்று ஆசீர்வதிக்கிறேன். ஒன்று மறக்காதே, ஆஸ்பத்திரியில் உள்ளே எத்தனை பேரை விடுவார்கள் என்று கேட்டு வை. இரண்டு பேர் என்றால் நானும் உன் பக்கத்தில் நிற்கிறேன். ஒருவர்தான் என்றால் மாப்பிள்ளை நிற்கட்டும், நான் வாசலில் இருந்துகொள்கிறேன், இந்த முறை காதைப் பொத்த மாட்டேன்.

உன் சித்தி
ஒக்சிம்