அறுபத்து மூன்றாம் எண் வில்லை

அம்மாவுக்கு மிட்சுயோ வணக்கத்துடன் எழுதுவது. முழங்கால் வலி குறைந்ததா? நான் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறேன், கவலை வேண்டாம்.

நம் ஊர் நிலக்கரிச் சுரங்கத்தைப் பற்றி இங்கே ஒசாகாவில் கண்காட்சி போட்டிருக்கிறார்கள். ஞாயிறன்று போனேன். சுரங்கத்தில் இறங்குபவர்களின் எண் பொறித்த பித்தளை வில்லைகள் தொங்கும் பலகையும் வந்திருக்கிறது. அப்பாவின் அறுபத்து மூன்றாம் எண் ‘மேலே’ பக்கத்தில் தொங்கியது. ‘கீழே’ பக்கத்தில் ஒன்றுகூட இல்லை; அப்படியானால் சுரங்கத்துக்குள் கடல்நீர் புகுந்த அன்று அவரோடு இறங்கிய பதினொரு பேருடையதும் அங்கேதான்.

பொறுப்பாளரைக் கேட்டேன். “ரெண்டு பக்கமும் சிதறிக் கிடந்தா பார்க்க நல்லால்லம்மா. அதான் ஒரே வரிசையா மாட்டிட்டோம்” என்றார்.

“இறங்கறப்ப கீழே, ஏறி வந்தா மேலே. அவங்கவங்க வில்லைய அவங்கவங்கதான் மாத்துவாங்க. எங்கப்பா இன்னும் மேல வரல. மாத்துறதுக்கு நீங்க யாரு?” என்றேன்.

தடுப்புக் கயிற்றைத் தாண்டிப் போய் நானே அப்பாவுடையதைக் ‘கீழே’ பக்கம் மாட்டினேன். இதற்கு அப்பா கோபிக்க மாட்டார். என்னை வெளியே அனுப்பிவிட்டார்கள், வேறொன்றுமில்லை.

கடுகுக்கீரை ஊறுகாய் கொஞ்சம் அனுப்புங்கள். ஒருத்திக்காகச் சமைக்கப் பிடிக்கவில்லை, சோற்றுக்கு அது போதும்.

ஆலைக்கு நேரமாகிவிட்டது. அந்தப் பதினொரு வீட்டிலும் வில்லை எண்ணைக் கேட்டு உடனே எழுதுங்கள். வரும் ஞாயிறுவரை கண்காட்சி இருக்கிறது.

மிட்சுயோ