நேராகத் திரும்பிய முகம்

வியாழன், அல் ஐன்.

ஓட்டல் வரவேற்பறையில் இன்று பிரெஞ்சுக்காரர்களை மாட்டினோம். பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியில் ஆளை உட்கார வைத்து, பக்கவாட்டு முகக்கோட்டைக் கருவியால் நகலெடுத்து, செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்த படங்கள். எல்லோரும் மூக்கை நம்பி வாழ்ந்தவர்கள்.

ஏணியில் நின்ற யாழ்ப்பாணத்து யோகன், "அண்ணை, ஒருத்தரும் எங்களைப் பாக்கினமில்லை. எங்களுக்கு விசா தந்த கஃபீல் மாதிரி" என்றான்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அப்பாவின் ஒரே படமும் அப்படித்தான். தங்கை கல்யாணத்தில் பந்தியைப் பார்த்தபடி, ஒரு காதும் பாதி மீசையுமாக நிற்கிறார். நாளை அவருடைய பதினாறாம் நாள் காரியம். எனக்கு லீவு கிடைக்கவில்லை. மாலை போட நேராகப் பார்க்கும் படம்தான் வேண்டும் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள்.

சாயங்காலம் தங்கை புதுப் படம் அனுப்பினாள். ஸ்டூடியோக்காரர் கம்ப்யூட்டரில் அப்பாவின் முகத்தைத் திருப்பியிருக்கிறார். உயிரோடு இருந்தவரை யார் சொல்லியும் திரும்பாத முகம். மீசையின் மறுபாதியும் கிடைத்துவிட்டது. என்னைப் பார்த்துக் கனிவாகப் புன்னகைக்கிறார். இவரோடு எனக்குப் பழக்கமில்லை.

பிறகு அவளே கூப்பிட்டாள். "அண்ணே, அப்பா மாதிரியே இருக்குல்ல? பிரேம் போடச் சொல்லிரவா?"

"அம்மா பாத்தாங்களா?"

"ம்."

"என்ன சொன்னாங்க?"

"வேத்து ஆம்பள வந்து நிக்கிற மாதிரி முந்தானைய இழுத்துப் போத்திக்கிட்டு உள்ள போயிட்டாங்க."