பெத்லகேமில் ஓர் ஆங்கிலத் தெரு

அக்கா,

நேற்று வுச்சீரியாச் சந்தையில் மரக்கறி வாங்கப் போனேன். சியாகுல்லித் தோட்டத்து மண்டரீன் பழம் வந்த மெல்லிய மரப்பெட்டிகளைக் கடைக்காரன் வெளியே அடுக்கியிருந்தான். பழவாசனை மரத்தில் அப்படியே ஊறிக் கிடந்தது. ஒன்றைத் தூக்கி மூக்கருகே பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் என்னை ஒரு மாதிரிப் பார்த்தான். பார்க்கட்டும். எனக்குத் தொண்ணூறுகளின் அந்த நத்தார்ப் பெருநாள் நினைவுக்கு வந்துவிட்டது, கூடவே நீங்களும்.

அந்த வருடம்தான் இந்தச் சிசிலி ஊரின் கோயிலில் பாலன் குடில் கட்டத் தமிழருக்கு முதன்முதலாக ஒரு மூலை தந்தார்கள். தந்த கையோடு சண்டையும் வந்தது. எங்கள் மன்னார் ஆட்கள் ஒரு பக்கம், நம் நாட்டுத் தீவுப்பகுதி ஆட்கள் மறுபக்கம். ஒற்றுமையாகக் கட்டாவிட்டால் மூலையை வேறு ஆட்களுக்குக் கொடுக்கப் போவதாகச் சுவாமியார் சொல்லிவிட்டார். எனக்கு அழுகையே வந்தது. மற்றவர் வீடு துடைத்துப் பிழைக்கும் ஊரில் எங்களுக்கென்று கிடைத்த ஒரே இடம் அது.

நீங்கள் பிள்ளையாரைக் கும்பிடுகிறவர், எனக்குத் துணையாகச் சும்மா வந்தவர். ஒரு பக்கமும் சேராததால் இரண்டு பக்கமும் உங்கள் பேச்சைக் கேட்டது.

"என்ரை சிஞ்ஞோரா வீட்டுச் சுவரிலை ஒரு படம் இருக்கு," என்று தொடங்கினீர்கள். நீங்கள் வேலை செய்த வீட்டு எசமானி, சிசிலிக்காரரைக் கட்டி வந்த ஆங்கிலக் கிழவி அவர். படத்தில் அவர் பிறந்த தெரு: பிறைபோல் வளைந்து, ஒன்றையொன்று ஒட்டி நிற்கும் பழைய கல்வீடுகள். தூரத்தில் பார்த்தால் ஒரே அரண்மனை.

"முன்பக்கம் எல்லாருக்கும் ஒரே தூண், ஒரே யன்னல். பின்பக்கத்தை அவையவை தங்கடை விருப்பத்துக்குக் கட்டினவையாம். இரண்டு வீட்டுக்கும் நடுவிலை ஒரு சுவர்தான். நாங்களும் அப்பிடிக் கட்டுவம். குடும்பத்துக்கு ஒரு பெட்டி."

"பெத்லகேமிலை ஆங்கில வீடோ?" என்று ஒருவர் இழுத்தார்.

"பெத்லகேமை நீர் பாத்தனீரோ?" என்றீர்கள். வேலை தொடங்கியது.

சியாகுல்லித் தோட்டத்தில் வேலை செய்த உங்கள் வீட்டு அத்தான் பழப்பெட்டிகள் கொண்டுவந்தார். முன்பக்கம் முழுக்கத் தேன்நிற வர்ணம். பின்னாலோ ஒருவருக்குக் கிணறு, ஒருவருக்குப் பனை, ஒருவருக்கு வலை காயும் கடற்கரை. உங்கள் பெட்டியின் பின்னால் ஒரு குட்டிப் பிள்ளையார் இருந்ததை நான் மட்டும் கண்டேன்.

நத்தாருக்கு முதல்நாள் காலை, வரிசையை மேடையில் வைத்த பிறகுதான் தெரிந்தது: ஆளாளுக்குத் தங்கள் வீட்டைக் கட்டியிருந்தோம், மாட்டுத்தொழுவத்தை ஒருவரும் கட்டவில்லை. பாலனுக்கு இடமில்லை. "எங்கடை வீட்டிலை வையுங்கோ" என்று எல்லாரும் ஒரே நேரத்தில் தொடங்க, பழைய சண்டை திரும்பி வந்தது. சத்தம் கேட்டுச் சுவாமியாரும் வந்து நின்றார்.

நீங்கள் அவசரப்படவில்லை. "அந்த வீடுகளுக்கு நிலத்துக்குக் கீழையும் ஒரு தட்டு இருக்கு. எங்களைப்போல வேலைக்கு நிக்கிறவையின்ரை இடம். சமையலும் அங்கைதான். வீட்டிலையே சூடான இடம் அதுதான் எண்டு சிஞ்ஞோரா சொன்னவ. குளிருக்கை பிறக்கிற பிள்ளையை அடுப்படியிலை வைப்பம்."

வீடுகள் எல்லாம் ஒரே நீளப் பலகையில் நின்றன. பலகைக்குக் கீழே தடுப்பில்லாத வெளி. வைக்கோல் பரப்பி, சிவப்புத் தாளில் அடுப்பு செய்து, உள்ளே ஒரு சின்ன பல்ப் கொளுத்திப் பாலனைக் கிடத்தினோம். மன்னார்ப் பெண்களும் தீவுப் பெண்களும் ஒன்றாக முழங்காலில் நின்று வைக்கோலைச் சரிசெய்தார்கள். சுவாமியார் குனிந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒரு பெட்டி தந்திருக்கலாமே என்றார். அக்கா, அன்று எனக்கு வந்த சந்தோஷம் இன்னும் தீரவில்லை.

சிஞ்ஞோராவும் வந்தார். முன்பக்கத்தைத் தடவிப் பார்த்தார். பின்னால் போய்க் கிணற்றையும் பனையையும் கண்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை அவருக்கு. தங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒருநாளும் இவ்வளவு கலகலப்பாக இருந்ததில்லை என்றார்.

நீங்கள் போன பிறகு உங்கள் படத்தை முன்னறையில் மாட்ட எனக்கு மனம் வரவில்லை. அடுப்படியில் வைத்திருக்கிறேன். "செத்தவவின்ரை படத்தை ஆரும் இஞ்சை வைப்பினமோ?" என்று வருகிற சனம் கேட்கிறது.

"ஓம், வைப்பினம்," என்று சொல்லிவிட்டு, உலையில் இன்னும் ஒரு பிடி அரிசி போட்டு அவர்களையும் சாப்பிட இருத்துகிறேன்.