கடன் தீர்ந்த பொங்கல்

பெருநகர்,
24-6-1983.

அன்புத் தோழி கண்ணகிக்கு,

கனகா எழுதுவது. இங்கு நானும் அவரும் பையன் முத்துவேலும் சுகமாக இருக்கிறோம். மாமியாருக்கு முழங்கால் வலி மட்டும் விடவில்லை, மற்றபடி வாய் சுகமாகவே இருக்கிறது. அங்கே போர்ட் பிளேயரில் நீயும் மாசிலாமணி அண்ணனும் பாப்பாவும் சுகமென்று உன் பதில் வந்த பிறகுதான் எனக்கு நிம்மதி. கப்பல் வந்தால்தான் கடிதம் என்கிற ஊரில் போய் வேலை வாங்கிக்கொண்டாய். உன்னோடு சண்டை போட்டால்கூட பதில் வர இருபது நாளாகிறது.

உன் அம்மா நன்றாக இருக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை மானாம்பதிக்குப் போனபோது ஏரிக்கரையில் உங்கள் வீட்டுக்கும் போய்ப் பார்த்தேன். உன் தம்பி சேட்டு ஓலையை எடுத்துவிட்டு ஓடு போட்டிருக்கிறான். நீ அனுப்பிய மணியார்டரில்தான் என்று உன் அம்மா தெருவுக்கே சொல்லிக்கொண்டிருந்தார். இப்போது அங்கே கரண்டு வந்துவிட்டது. ஆனாலும் நீ முதல் வருஷம் வாங்கிக் கொடுத்தாயே, அந்த டார்ச் லைட், அது இன்னும் தலைமாட்டில்தான் இருக்கிறது. பாட்டரிக் கட்டை தீர்ந்துபோனால் சேட்டு மாற்றித் தரவேண்டுமாம், இல்லாவிட்டால் அன்றைக்குச் சோறு இல்லையாம். உன் அம்மா சொக்கம்மாளுக்கு மகள் எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் அவள் வாங்கிக் கொடுத்த வெளிச்சம் கையெட்டும் தூரத்தில் இருக்கவேண்டும்போல.

அந்த டார்ச் லைட்டைக் கையில் எடுத்துப் பார்த்ததிலிருந்து எனக்கு ஹாஸ்டல் நினைவாகவே இருக்கிறது. ஜூலையில் சேர்ந்தோம், பொங்கல் லீவு முடிந்தும் உன் உதவித்தொகையும் வரவில்லை, என் கடன் உதவித்தொகையும் வரவில்லை. மெஸ் பாக்கிக்காரர்கள் என்று நம் இருவர் பெயரையும் போர்டில் அடுத்தடுத்து எழுதிப் போட்டிருந்தார்கள். நான் அந்தப் பக்கம் தலையைக் குனிந்துகொண்டு போவேன். நீ மட்டும் தினமும் நின்று படித்துவிட்டு, நம்ம பேரைத் தப்பில்லாம எழுதிகினு கீறாங்க என்று சொல்லிவிட்டு வருவாய். அப்புறம் மாசிமாதம் உனக்கு முதலில் வந்தது. டார்ச் லைட்டும் வாங்கிக்கொண்டு, என்னை இழுத்துப்போய் ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தாய். நான் வேண்டாம் என்றேன். எனக்கு அப்போதெல்லாம் கடன் என்றால் தொண்டையில் தண்ணீர்கூட இறங்காது. நீதான் சொன்னாய், "இது சர்க்காரு திருப்பிக் கேக்காத காசு, பயப்படாம குடி" என்று. அந்த ருசி அதற்குப் பிறகு எதிலும் வரவில்லை.

உனக்கு நினைவிருக்கிறதா? நம் அறையிலிருந்த தஞ்சாவூர்க்காரி ஒருநாள், உனக்கென்னப்பா இனாம் பணம், கனகாதான் பாவம், கடனை அடைக்கவேண்டும் என்று இழுத்தாள். நீ கோபப்படுவாய் என்று நான் பயந்தேன். நீ தலைசீவிக்கொண்டே சொன்னாய், "கனகா நைனாவை நம்பி சர்க்காரு கடன் குடுக்குது. எங்க நைனா கைநாட்டை எவன் கேட்டான்? அதான் சும்மா குடுக்குது." அவள் புத்தகத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். எங்கள் வேதாசலம் மாமா தன் நிலத்தையும் கிணற்று மோட்டாரையும் காட்டி எனக்கு ஜாமீன் போட்டதை எத்தனை வருஷம் சொல்லிக் காட்டினார், தெரியுமில்லையா. என்னை ரோட்டில் பார்க்கும்போதெல்லாம், நல்லாப் படிம்மா, என் கெணத்து மோட்டாரு உன் பேருலதான் கீது என்பார். பரீட்சை எழுதும்போது எனக்குக் கேள்வித்தாளுக்குப் பதில் மாமாவின் மோட்டார்தான் தெரியும். ஆனால் அப்படிச் சொல்லிக்காட்டவாவது எனக்கு ஒரு மாமா இருந்தார் என்பது நீ அன்றைக்குச் சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். என் கடன் தீர்ந்துவிட்டது.

ஆசிரியர் வேலையில் இருந்தால் வருஷத்துக்குக் கடனில் பத்தில் ஒரு பங்கைத் தள்ளுபடி செய்துவிடுவார்கள் என்பது உனக்குத் தெரியும். பி.எட். படிக்கும்போதே நீதான் அந்த விதியைக் கண்டுபிடித்து வந்து சொன்னாய். ஒவ்வொரு சித்திரையிலும் தலைமையாசிரியர், இவர் இந்த வருஷமும் பணியில் இருந்தார் என்று சான்று எழுதி அனுப்புவார். இந்தச் சித்திரையில் பத்தாவது சான்றும் போய்விட்டது. எல்லோரும் சந்தோஷப்படுகிறார்கள். நான் உன்னிடம்தான் சொல்லமுடியும், எனக்குச் சந்தோஷமாக இல்லை.

கல்யாணமான புதிதில் நடந்ததை உனக்கு அரைகுறையாகத்தான் எழுதினேன். என் கடன் கணக்கு இந்த விலாசத்துக்கு மாறி வந்தபோது, தபால்காரர் வழக்கம்போலப் பிரித்து, நடுத்தெருவில் நின்று உரக்கப் படித்துச் சொல்லிவிட்டார். மாமியார் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டார். பவுனோட வருவாள்னு பாத்தா கடனோட வந்துகீறாளே என்று தெருவில் போகிறவர்களிடமெல்லாம் முறையிட்டார். அவர் பெயர்தான் ஆண்டாளம்மாள், குரல் பெருநகர் முழுக்கக் கேட்கும். வீட்டில் இருந்தால் மாதாமாதம் கட்டவேண்டும், பெட்டியில் கிடக்கிற மானாம்பதி வேலை உத்தரவை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போனால் கட்டாமலே கரையும் என்று என் வீட்டுக்காரர், நீ அண்ணன் என்று கூப்பிடுகிற தாமோதரன்தான் மெதுவாக எடுத்துச் சொன்னார். மாமியார் அதை மூன்று முறை கேட்டார். மறுநாள் விடிவதற்குள் எனக்குச் சோறு கட்டி வைத்துவிட்டு, "இன்னா பாத்துகினு கீறே, பஸ்ஸு பூடும். போய் அடைச்சிட்டு வா" என்று வாசல்வரை விரட்டினார். மருமகள் வேலைக்குப் போகக்கூடாது என்று பெண் பார்க்க வந்தபோது கறாராகச் சொன்ன அதே அம்மாள்தான்.

அதற்குப் பிறகு நான் ஒருநாள் காய்ச்சலில் படுக்க முடியாது. லீவு போட்டா கடன் கரையுமா என்று கஷாயத்தை ஊற்றிவிட்டு பஸ் ஏற்றிவிடுவார். முத்துவேல் பிறந்து, லீவு முடிந்து நான் மறுபடி போனபோது, மத்தியானம் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அதே பஸ்ஸில் மானாம்பதிக்கு வந்து, பள்ளிக்கூடத்துப் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். நான் பால் கொடுத்துவிட்டு வகுப்புக்கு ஓடுவேன். வருஷா வருஷம் சான்று தபாலில் போகிற அன்று சர்க்கரைப் பொங்கல் வைப்பார். எங்கள் வீட்டில் அதற்குக் கடன் பொங்கல் என்றே பெயர். முதல் இலை வேதாசலம் மாமாவுக்கு. இந்த வருஷம் மோட்டார்ல எத்தினி பங்கு எனக்குத் திரும்புச்சி என்று கேட்டுக்கொண்டே மாமா நெய்யை இன்னும் கொஞ்சம் விடச்சொல்வார். தைப்பொங்கலைவிட முத்துவேலுக்கு அதுதான் பெரிது. ஒருமுறை பள்ளியில் பண்டிகைகளை எழுதச் சொன்னதற்கு அவன் கடன் பொங்கலையும் சேர்த்து எழுதிவிட்டு வந்தான்.

இதையெல்லாம் இப்போது நினைத்தால் இனிப்பாக இருக்கிறது. அன்றைக்கு நான் அந்தக் கடனை எவ்வளவு திட்டியிருப்பேன். அதுதான் என்னைத் தினமும் கையைப் பிடித்து பஸ் ஏற்றிவிட்டது என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

இந்தச் சித்திரையில் பத்தாவது பொங்கல். மாமியார் முந்திரி திராட்சையெல்லாம் போட்டு, தெருவுக்கே கொடுத்தார். மாமா சாப்பிட்டு எழுந்து, மோட்டாரு வந்து சேந்துச்சிம்மா என்று என் தலையில் கை வைத்தார். அப்புறம் மாமியார் எனக்குத் திருநீறு பூசி, "இனிமே கடனில்லாம நல்லா இரு" என்று வாழ்த்தினார். கூடவே சொன்னார், "அடைச்சிட்டே இல்ல, போதும். என்னால முடியல. ஆடி பொறக்கறதுக்குள்ள வேலைய வுட்டுட்டு வூட்டப் பாரு." அவர் கோபமாகச் சொல்லவில்லை, கண்ணகி. பத்து வருஷம் எனக்குச் சோறு கட்டிய கை, முழங்காலைத் தடவிக்கொண்டு சொன்னது. உங்கள் அண்ணன் இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் கொல்லைப்பக்கம் போய், பொங்கல் பானையைத் தேய்த்துக்கொண்டே அழுதேன்.

எனக்கு எட்டாம் வகுப்புக் கணக்கு வேண்டும். சாக்பீஸ் தூள் வேண்டும். டீச்சர் டீச்சர் என்று பஸ்ஸிலிருந்து இறங்கும்போதே பையைப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிற பிள்ளைகள் வேண்டும். மாமியாரின் முழங்காலுக்கு வேலைக்கு ஒரு ஆள் வைத்துக்கொள்ளலாம், என் சம்பளத்திலேயே வைக்கலாம். ஆனால் எனக்கு ஆசையாக இருக்கிறது, அதனால் போகிறேன் என்று ஒரு மருமகள் சொன்னால் எங்கள் தெருவில் யார் ஒப்புக்கொள்வார்கள்? கடன் அடைக்கப் போகிறேன் என்றால் ஊரே வழிவிட்டது.

இப்படி இருக்கும்போதுதான் போன வெள்ளிக்கிழமை சடையப்பன் பள்ளிக்கூடத்துக்கு வந்தார். மானாம்பதி ரைஸ்மில்லில் மூட்டை தூக்குகிறவர். அவர் மகள் ஆதிலட்சுமி எட்டிலும் ஒன்பதிலும் என்னிடம் படித்தவள். பிளஸ் டூவில் நல்ல மார்க்கு வாங்கி, மெட்ராஸ் கல்லூரியில் பி.எஸ்ஸி. இடம் கிடைத்திருக்கிறது. நம்மைப் போலவே கணக்குப் பாடம். அவளுக்கு உன்னைப்போல உதவித்தொகை கிடையாது, என்னைப்போலக் கடன்தான். ஆனால் காட்டுவதற்கு நிலமில்லை. நிலமில்லாவிட்டால் சம்பள உத்தியோகத்தில் உள்ள இரண்டு பேர் ஜாமீன் போடவேண்டும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்களாம். அவரும் யார் யாரையோ கேட்டுவிட்டார். "பொட்டப் புள்ள கடனுக்கு எவன் கையெழுத்துப் போடுவான்னு கேக்கறாங்க டீச்சரம்மா" என்று அந்த மனிதர் துண்டைக் கையில் சுருட்டிக்கொண்டு நின்றார். இன்னொன்றையும் அவர்தான் சொன்னார். ஜாமீன் போடுகிறவர் அந்தக் கடன் அடைகிறவரை வேலையில் இருந்தாகவேண்டுமாம், இடையில் விட்டால் ஜாமீன் செல்லாதாம். அதைக் கேட்டுத்தான் எல்லோரும் பின்வாங்குகிறார்களாம்.

அதை மட்டும் இன்னொரு தரம் சொல்லச் சொன்னேன். என் மாமியார் அன்றைக்குக் கேட்டதைப்போலவே. பிறகு வகுப்புக்குப் போகிற அவசரத்தில் ஜன்னல் திண்டில் வைத்தே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

வீட்டில் இன்னும் சொல்லவில்லை. உங்கள் அண்ணனிடம் மட்டும், சைக்கிளில் பஸ் ஸ்டாண்டுக்குப் போகும்போது சொன்னேன். கோயில் தாண்டியதும் சைக்கிளை மெதுவாக்கினார். அப்புறம், ஜாமீன்னு பேர் போட்டுட்டா அம்மா பின்வாங்க வுடமாட்டாங்க, வேதாசலம் மாமாவ அவங்கதான முதல் எலையில உக்கார வெச்சாங்க என்றார். பஸ் ஸ்டாண்டில் என்னை இறக்கிவிட்டு, ரெண்டாவது கையெழுத்து யாரு என்று கேட்டார். அந்த மனிதர் பத்து வருஷத்தில் என்னிடம் கேட்ட கேள்விகளில் இதுதான் உருப்படியானது.

இரண்டாவது கையெழுத்துக்கு ஆளில்லை. எங்கள் தலைமையாசிரியர் அடுத்த வருஷம் ரிட்டையர் ஆகிறார், அவர் போட்டால் செல்லாது. மற்றவர்களுக்குப் பயம். அந்த இடம் காலியாகப் போனால் ஆதிலட்சுமி மில்லில் தவிடு புடைப்பாள், நான் வீட்டில் அரிசி புடைப்பேன். அந்தமானில் இருந்தாலென்ன, சர்க்கார் உத்தியோகம் என்றால் போதுமாம், விசாரித்துவிட்டேன். படிவத்தை இதோடு வைத்திருக்கிறேன். ஆடி பிறப்பதற்குள் எனக்குத் திரும்பி வந்தாகவேண்டும். அடுத்த கப்பலை விடாதே.

உன் அண்ணியாக நின்று கேட்கவில்லை, பழைய பழக்கத்தைச் சொல்லியும் கேட்கவில்லை. உன் நைனா கைநாட்டை எவன் கேட்டான் என்றாயே, அது என் காதில் இத்தனை வருஷமாக இருக்கிறது. இப்போது நம் ஊரிலிருந்து கேட்கிறார்கள், கண்ணகி. சொக்கம்மாள் மகளின் கையெழுத்து இல்லாமல் மானாம்பதிப் பெண் ஒருத்தி கல்லூரிக்குப் போகமுடியாது. நேற்று உன் அம்மாவிடம் சொன்னேன். டார்ச் லைட்டைத் துடைத்துக்கொண்டே கேட்டுவிட்டு, "பெரிய கையெழுத்தாப் போடச் சொல்லு" என்றார்.

என் பெயருக்குக் கீழே உன் இடம் இருக்கிறது. ஹாஸ்டல் போர்டுக்குப் பிறகு நம் இரண்டு பெயரும் அடுத்தடுத்து வருவது இதுதான். பாப்பாவுக்கு என் முத்தம். நீ நன்றாக இரு, வேலையோடு இரு. எனக்கும் பதிலுக்கு நல்ல வார்த்தை எழுது. கடனில்லாமல் இரு என்று மட்டும் என்னை வாழ்த்திவிடாதே.

உன் அன்புள்ள,
தா. கனகா